பிள்ளைகள் புரிந்து படிக்க மைண்ட் மேப்: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாலை நேரத்தில் எங்கள் பகுதிப் பிள்ளைகளை உட்காரவைத்து வாசிக்கப் பழக்குகிறேன். மூன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்புவரை எல்லாரும் கலந்து வருவார்கள். அவர்களின் அம்மா அப்பாக்களும், பள்ளியில் வேலை பார்க்கும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். எனக்கு இதில் சில பிடிவாதங்கள் உண்டு, அவையும் நடுநடுவே வரும்.

மைண்ட் மேப் என்றால் என்ன?

ஒரு தாளின் நடுவில் பாடத்தின் பெயரை எழுதுங்கள். அதிலிருந்து நாலைந்து கோடு இழுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய செய்தியை எழுதி, அந்தச் செய்திக்குள் அடங்குகிற சின்னச் செய்திகளை அடுத்தடுத்த கிளைகளாகப் பிரித்துக்கொண்டே போங்கள். அவ்வளவுதான். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இதை மனவரைபடம் என்பார்கள்.

புத்தகத்தில் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வருகின்றன. எது பெரியது, எது எதற்குள் அடங்கும், எதனால் எது நடந்தது என்று பிள்ளை தானே பிரித்து அடுக்கவேண்டும், பலன் முழுக்க இந்தப் பிரித்து அடுக்கும் வேலையில்தான் இருக்கிறது. தாளில் கடைசியாக நிற்கும் படம் எப்படி இருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

இது யார் கண்டுபிடித்தது? புதிதாக வந்ததா?

மைண்ட் மேப் என்ற பெயரில் இதை உலகம் முழுக்கப் பரப்பியவர் டோனி பூசான் என்ற ஆங்கிலேயர். 1974-இல் பிபிசி தொலைக்காட்சியில் அவர் நடத்திய தொடரிலிருந்து பிரபலமானது. நடுவில் படம், வளைந்த கோடுகள், கிளைக்கு ஒரு சொல், கலர் கலராக என்ற விதிகள் எல்லாம் அவர் சொன்னவை. கிட்டத்தட்ட அதே காலத்தில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் என்பவர் பிள்ளைகளுக்கு அறிவியல் எப்படிப் புரிகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் உருவாக்கியது கருத்து வரைபடம். அதில் இரண்டு கருத்துகளைக் கோடு போட்டு இணைத்தால் மட்டும் போதாது, அந்தக் கோட்டின்மேல் 'இதனால்', 'இதிலிருந்து', 'இது இல்லாவிட்டால்' என்று உறவையும் எழுதவேண்டும். பூசானின் அழகைவிட நோவாக்கின் இந்த ஒரு விதி பிள்ளைகளுக்கு அதிகம் உதவும் என்பது என் கட்சி. பெயர் மைண்ட் மேப் என்றே இருக்கட்டும், ஆனால் கோட்டின்மேல் உறவையும் எழுதச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதில்லை. 2000-களின் பிற்பகுதியில் நடுநிலை வகுப்புகளில் படைப்பாற்றல் கல்வி என்று ஒரு முறை வந்தது, அப்போது பாடம் எடுத்த ஆசிரியர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். பிள்ளைகள் பாடத்தைத் தாங்களே படித்து, மனவரைபடம் வரைந்து, குழுவில் தொகுத்து, வகுப்பின் முன்னால் வந்து வழங்கவேண்டும். யோசனை அருமை. பல வகுப்புகளில் மனவரைபடம் மட்டும் தங்கிவிட்டது, பிள்ளை தானே படிப்பதும் பேசுவதும் காணாமல் போய்விட்டது.

எந்த வயதில் தொடங்கலாம்?

பேசத் தெரிந்தால் போதும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கதை சொல்லிவிட்டு "யார் யார் வந்தாங்க? எங்க நடந்துச்சு?" என்று கேட்டு, அவன் சொல்லச் சொல்லப் படமாக வரையவிடலாம். எழுத்தே வேண்டாம். தனியாக, எழுத்தில் வரைவதற்கு மூன்றாம் வகுப்பு சரியான நேரம்.

என் பிள்ளை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். இதை ஆரம்பித்தால் வாசிப்பு வந்துவிடுமா?

வராது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். புரிந்து படிக்க இரண்டு வேண்டும்: எழுத்தைப் பார்த்ததும் சொல்லாகப் படிக்கும் திறமை ஒன்று, அந்த மொழி காதில் விழுந்தால் புரியும் திறமை இன்னொன்று. மைண்ட் மேப் கைகொடுப்பது இரண்டாவதற்கு. முதலாவதற்குத் தினமும் சத்தமாக வாசிப்பது, உயிர்மெய்யைத் தடுமாறாமல் சொல்லப் பழகுவது, ஒரே பத்தியைச் சரளமாக வரும்வரை மறுபடி மறுபடி படிப்பது என்று வேறு வேலை இருக்கிறது. 'கொ', 'கோ', 'கௌ' மூன்றிலும் திணறும் பிள்ளையிடம் ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்தால் படம் அழகாக வரும், வாசிப்பு நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஆனால் அந்தப் பிள்ளையை ஒதுக்கவும் வேண்டாம். பாடத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவள் கேட்டு மேப் போடட்டும். புரிந்துகொள்வதில் அவள் மற்றவர்களுக்குக் குறைந்தவள் இல்லை என்பது அப்போது தெரியும். அவளுக்கே தெரிவது இன்னும் முக்கியம். எழுத்துகள் தொடர்ந்து மாறிக் குழம்பி, வயதுக்கு மிகவும் பின்தங்கியிருந்தால் டிஸ்லெக்ஸியாவா (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) என்று முறையாகப் பரிசோதித்துவிடுங்கள், மேப்பை நம்பிக் காத்திருக்கவேண்டாம்.

ஒரு பாடத்தை எடுத்து முதலிலிருந்து செய்து காட்ட முடியுமா?

தாராளமாக. பனைமரம் பற்றி ஒரு பத்தி வைத்துக்கொள்வோம்:

"பனை தமிழ்நாட்டின் மாநில மரம். இதில் ஆண் பனை, பெண் பனை என்று தனித்தனி மரங்கள் உண்டு. பெண் பனையில்தான் நுங்கு கிடைக்கும். பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் பதநீர் வடியும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி கிடைக்கும். நுங்கை வெட்டாமல் விட்டால் முற்றிப் பழமாகும். பழத்தின் கொட்டையை மண்ணில் புதைத்தால் கிழங்கு வரும். பனை ஓலையில் முன்பு நூல்கள் எழுதினார்கள், இன்றும் விசிறியும் பெட்டியும் முடைகிறார்கள்."

முதலில் இரண்டு முறை வாசிக்கவேண்டும். அப்புறம் புத்தகத்தை மூடவேண்டும். மூடுவது கட்டாயம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். மூடிவிட்டு வரையச் சொன்னால், முதல் தடவை எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரித்தான் வரைவார்கள்: நடுவில் பனை, சுற்றிலும் நுங்கு, பதநீர், கருப்பட்டி, பழம், கிழங்கு, ஓலை, விசிறி, சுண்ணாம்பு என்று எட்டுக் கோடு, சூரியன் வரைந்த மாதிரி. இது வெறும் பட்டியல், வட்டமாக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் திட்டாதீர்கள், நினைவிலிருந்து எட்டு விஷயம் எடுத்திருக்கிறார்களே.

இப்போது ஒரு கேள்வி: "இதில் எது எதிலிருந்து வந்துச்சு?" எங்கள் பிள்ளைகள் இந்த இடத்தில் அடித்துக்கொள்ளாத குறை. கருப்பட்டி தனிக் கோடா, பதநீருக்குக் கீழேயா? பதநீரைக் காய்ச்சினால்தானே கருப்பட்டி, அப்படியென்றால் கீழே. விசிறி ஓலைக்குக் கீழே. கிழங்கு கொட்டைக்குக் கீழே, கொட்டை பழத்துக்குள்ளே, பழம் நுங்கிலிருந்து. எட்டுக் கோடு மூன்றாகச் சுருங்கிவிடும்: பாளை, காய், ஓலை. பாடத்தில் 'காய்' என்ற சொல்லே கிடையாது, அதைத் தலைப்பாக வைத்தது பிள்ளைகள்தான்.

சுண்ணாம்பு மட்டும் எங்கேயும் சேராமல் தனியாக நின்றது. "கலயத்துக்குக் கீழ போடலாம்" என்றான் ஒருவன். சரி, ஏன் தடவுகிறார்கள்? பாடத்தில் பதில் இல்லை. தாத்தா பனையேறியாக இருந்த பையன் ஒருவன், அதுவரை வாயே திறக்காதவன், "தடவலைன்னா புளிச்சிரும்க்கா, கள்ளாயிரும்" என்றான். கோட்டின்மேல் 'புளிக்காமல் இருக்க' என்று எழுதினோம். பாடம் விட்டதை அந்த ஒரு கோடு நிரப்பிவிட்டது.

அதோடு விடவில்லை. காய்க் கிளையையே பார்த்துக்கொண்டிருந்த ஐந்தாம் வகுப்புப் பெண், "அப்போ நுங்கு வெட்டித் தின்னுட்டா அதுல கிழங்கு வராதாக்கா?" என்று கேட்டாள். வராதுதான். ஒரே காயிலிருந்து இரண்டும் எடுக்க முடியாது. இந்தச் செய்தி பத்தியில் எந்த வரியிலும் இல்லை, இரண்டு வரிகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். பத்தியை வாசித்தபோது ஒருவருக்கும் தோன்றாதது, நுங்கும் பழமும் கொட்டையும் கிழங்கும் ஒரே கோட்டில் வரிசையாக நின்றதும் தோன்றிவிட்டது.

கடைசியாக ஒரு கிளைக்குப் பெயரே கேள்விக்குறி. பாடம் படித்து எழுந்த கேள்விகள் அங்கே போகும். 'ஆண் பனையில் பதநீர் வருமா?' என்று ஒன்று வந்தது. வரும், இரண்டிலும் வரும். பதிலை உடனே சொல்லிவிடாமல் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்வது நல்லது.

கதைக்கும் இதே மாதிரிதானா?

கதைக்குக் கொஞ்சம் மாற்றவேண்டும். கதையில் பாத்திரங்கள், இடம், நேரம் என்று கிளை போட்டால் பெயர்ப் பட்டியல்தான் கிடைக்கும், கதை காணாமல் போகும். நான் கேட்பது மூன்று: யாருக்கு என்ன வேண்டும்? எது தடுக்கிறது? என்ன செய்தார்கள், அதனால் என்ன ஆயிற்று?

எல்லாருக்கும் தெரிந்த காகம் பாம்புக் கதையையே எடுங்கள். பாம்பு முட்டைகளைத் தின்கிறது, காகம் அரண்மனை நகையைத் தூக்கிவந்து பாம்புப் புற்றில் போடுகிறது, காவலாட்கள் துரத்தி வந்து பாம்பைக் கொல்கிறார்கள். 'காகம்', 'பாம்பு', 'நகை' என்று மூன்று கோடு போட்ட பிள்ளைக்கு, நகை எதற்கு என்று கேட்டால் பதில் வராது. 'பாம்பை நேரில் எதிர்க்க முடியாது' என்று ஒரு கட்டம், அதிலிருந்து 'அதனால்' என்று எழுதிய அம்புக்குறி, அடுத்து 'ஆட்களை வரவைக்க வேண்டும்', அப்புறம்தான் நகை. இந்த அம்புக்குறிகளை வரைந்த பிள்ளை, "காகம் ஏன் எல்லாரும் பார்க்கற மாதிரி மெதுவா பறந்துச்சு?" என்ற கேள்விக்குத் தானே பதில் சொல்லும்.

மூளையின் இடது பக்கம், வலது பக்கம் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் என்கிறார்களே?

விளம்பரத்துக்குச் சொல்வது. இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்று மனிதர்கள் பிரிந்திருப்பதற்கு ஆதாரம் இல்லை. 2013-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தினர் ஆயிரம் பேருக்கு மேல் மூளை ஸ்கேன்களை ஆராய்ந்து பார்த்தும் அப்படிப் பிரிவு எதுவும் தென்படவில்லை. இந்தப் பேச்சைச் சொல்லிப் பணம் கட்டச் சொல்லும் வகுப்புகளுக்குப் பிள்ளையை அனுப்பும் முன் யோசியுங்கள். மேப் போட ஒரு தாளும் பென்சிலும் போதும், அதற்குக் கோர்ஸ் தேவையில்லை.

அப்படியென்றால் இது நினைவாற்றலுக்கு உதவும் என்பதும் பொய்யா?

பொய் இல்லை, ஆனால் எப்படி வரைகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதில் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. 2011-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்பிக்கியும் பிளன்ட்டும் 'சயின்ஸ்' இதழில் ஒன்று வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் அறிவியல் பத்தியைப் பார்த்துக்கொண்டே கருத்து வரைபடம் வரைந்தார்கள். இன்னொரு பிரிவினர் படித்துவிட்டு, மூடிவைத்து, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் மூடிவைத்து எழுதியவர்கள்தான் முன்னால் நின்றார்கள். அதைப் பார்த்துவிட்டு மேப்பே வீண் என்று பலர் எழுதினார்கள். அதே இருவர் 2014-இல் இன்னொரு ஆய்வு செய்தார்கள், அதில் வரைபடத்தையே புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். அப்போது பலன் நன்றாகவே கிடைத்தது, பத்தியாக எழுதினாலும் படமாக வரைந்தாலும்.

புத்தகத்தை மூடுவது கட்டாயம் என்று மேலே சொன்னது இதனால்தான். மூடி வரைய வேண்டும், முடித்ததும் திறந்து பார்த்து, விட்டுப்போனதை வேறு நிறத்தில் சேர்க்க வேண்டும். கலர் பேனாவுக்கு நான் தரும் ஒரே வேலையும் இதுதான்: நீலம் என்றால் எனக்குத் தெரிந்தது, சிவப்பு என்றால் நான் மறந்தது.

ஆசிரியர் போர்டில் வரைந்துபோட்டு, பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டால் போதாதா?

போதாது. யோசித்தது ஆசிரியர், பிள்ளைகள் செய்தது கையெழுத்துப் பயிற்சி. கைடில் அச்சடித்து வரும் மேப்புகளும் அப்படியே. பள்ளி ஆய்வுக்கு ஆள் வரும்போது காட்டுவதற்காக அம்மாக்கள் ராத்திரி உட்கார்ந்து சார்ட்டில் வரைந்து தருவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றே தெரியவில்லை.

நீங்கள் வரைந்துதான் ஆகவேண்டும் என்றால் பாதி வரையுங்கள். பெரிய கிளைகளை நீங்கள் போட்டு, உள்ளே பிள்ளைகள் நிரப்பட்டும், அல்லது சின்னச் செய்திகளை நீங்கள் கொடுத்து, தலைப்பு என்ன என்று அவர்கள் யோசிக்கட்டும். இரண்டாவது வழி கஷ்டமானது, அதனால்தான் நல்லது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பிலும் நடக்கும்: நாலு பேருக்கு ஒரு தாள், பத்துச் சொற்கள் எழுதிய துண்டுச்சீட்டுகள், பசை கடைசியில்தான். ஒட்டும் முன் இடம் மாற்றி மாற்றி வைத்துச் சண்டை போடட்டும்.

கிளைக்கு ஒரே ஒரு சொல்தான் எழுதவேண்டுமா? தமிழில் அது சரிப்படுமா?

சரிப்படும், வேற்றுமை உருபைக் கழற்றிவிட்டால். 'கலயத்தின் உட்புறத்தில்' என்பதற்குக் 'கலயம்' போதும். படத்தைப் பார்த்து வாயால் சொல்லும்போது பிள்ளை 'கலயத்துக்குள்', 'கலயத்தில்' என்று உருபைத் தானே சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கும், வாக்கியம் அமைக்க நல்ல பழக்கம். ஆனால் ஒரு சொல் விதியைப் பிடித்துத் தொங்கவேண்டாம். 'புளிக்காமல் இருக்க' என்பதை ஒரு சொல்லாகச் சுருக்கினால் காரணம் போய்விடும்.

ஆங்கிலப் பாடத்துக்குத் தமிழில் மேப் போடலாமா?

போடலாம். முதலில் புரியட்டும், ஆங்கிலச் சொற்களைக் கிளையில் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டும் கலந்து எழுதினாலும் தப்பில்லை, பார்க்கப்போவது பிள்ளைதான்.

பரீட்சையில் மார்க் கிடைக்குமா?

மேப்புக்கே மார்க் கிடையாது. விடையாக மாற்றத் தெரிந்தால் கிடைக்கும். படமாக நன்றாகப் புரிந்துவைத்திருக்கும் பிள்ளை, நெடுவினா எழுதும்போது எங்கிருந்து ஆரம்பிப்பது என்று திணறும், ஏனென்றால் படத்துக்கு முதல் வரி, கடைசி வரி கிடையாது. அதனால் வரைந்து முடித்ததும் கிளைகளுக்கு 1, 2, 3 என்று எண் போடச் சொல்லுங்கள். எதை முதலில் சொன்னால் கேட்பவருக்குப் புரியும் என்று யோசித்துப் போடவேண்டும். பிறகு ஒரு எண்ணுக்கு ஒரு பத்தி. கோட்டின்மேல் எழுதிய 'அதனால்', 'இல்லாவிட்டால்' எல்லாம் வாக்கியங்களை இணைக்கும் சொற்களாக அப்படியே இறங்கிவிடும். கட்டுரைக்குக் கேள்வித்தாளில் குறிப்புகள் கொடுப்பார்கள் அல்லவா, குறிப்புச் சட்டகம் என்று? அதைப் பிள்ளை தானே தயாரிப்பதுதான் இது.

கணக்குக்கு நான் அதிகம் பயன்படுத்துவதில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் வரும்.

மொபைலில் இதற்கு ஆப் இருக்கிறதாமே?

நிறைய இருக்கிறது, எக்ஸ்மைண்ட் மாதிரி. பெரிய வகுப்புப் பிள்ளைகள் புராஜெக்ட் செய்ய வசதி. சின்னப் பிள்ளைகளுக்குத் தாள்தான் என் சிபாரிசு. ஆப்பில் தமிழில் டைப் அடிப்பதிலேயே பாதி நேரம் போய்விடும், மீதி நேரம் நிறம் மாற்றுவதில்.

என் பையனுக்கு வரையவே பிடிக்கவில்லை. கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம். 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மருத்துவ மாணவர்கள்கூட மைண்ட் மேப் போடச் சொன்னபோது தங்களுக்குப் பிடித்த முறையில் படித்தவர்களைவிடக் குறைந்த ஆர்வத்தோடுதான் செய்தார்கள், இத்தனைக்கும் ஒரு வாரம் கழித்து மேப் போட்டவர்களுக்குத்தான் கொஞ்சம் கூடுதலாக நினைவிருந்தது. வளர்ந்தவர்களுக்கே அப்படி. உங்கள் பையன் வாயால் சொல்லட்டும், நீங்கள் வரையுங்கள், எந்தக் கிளையில் போடவேண்டும் என்பதை மட்டும் அவன் முடிவு செய்யட்டும். வேண்டுமென்றே தப்பான இடத்தில் போட்டுப் பாருங்கள், எழுந்துவந்து பென்சிலைப் பிடுங்குவான். அதற்கும் வழிக்கு வரவில்லையா, விட்டுவிடுங்கள். படித்ததைத் தம்பிக்கோ பாட்டிக்கோ கதையாகச் சொல்லச் சொன்னாலும் ஏறக்குறைய இதே வேலை நடக்கும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? எவ்வளவு நேரம்?

வாரத்துக்கு ஒன்றிரண்டு பாடம் போதும், ஒரு பாடத்துக்கு அரைமணி நேரத்துக்குமேல் வேண்டாம். எல்லாப் பாடத்துக்கும் போடவைத்தால் இதுவும் இன்னொரு வீட்டுப்பாடமாகிவிடும்.

வரைந்து முடித்த மேப்பை என்ன செய்வது? ஃபைலில் போட்டு வைக்கவேண்டுமா?

தேதி எழுதி ஒரு வாரம் வைத்திருங்கள். ஒரு வாரம் கழித்து அதைக் காட்டாமல், அதே பாடத்துக்கு வெறும் தாளில் மறுபடி வரையச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் இருந்து இப்போது இல்லாதது மறந்துபோனது, அதை மட்டும் புத்தகத்தில் தேடிப் படித்தால் போதும். முதலில் இல்லாமல் இப்போது புதிதாக வந்திருக்கும் கோடு ஏதாவது இருந்தால், அது எப்படி வந்தது என்று பிள்ளையிடம் உட்கார்ந்து கேளுங்கள். அதற்கப்புறம் பழைய தாளை எடைக்குப் போட்டுவிடலாம்.